18 வயதோடு பள்ளி முடிந்தது. 24 வயது மகனை வேலைக்கு அனுப்ப நினைக்கிறேன், வழி சொல்லுங்கள்

பொன்மலை ரிட்டயர்டு | பிப்ரவரி 9

வணக்கம். இரண்டு வருடமாக இங்கே மற்றவர்கள் எழுதுவதைப் படித்துக்கொண்டிருக்கிறேன். நான் எழுதுவது இதுதான் முதல் தடவை. பொன்மலை ரயில்வே பணிமனையில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வீடு ஸ்ரீரங்கத்தில். மகனுக்கு 24 வயது. ஆட்டிசம், அதோடு அறிவுசார் குறைபாடும் உண்டு. சான்றிதழில் 60 சதவீதம். பேச்சு குறைவு, கேட்டால் இரண்டு மூன்று வார்த்தையில் பதில் வரும். பெயர்ப் பலகையை எழுத்துக் கூட்டிப் படிப்பான். பத்துக்கு மேல் எண்ணச் சொன்னால் குழம்பிவிடுவான்.

18 வயதானதும் சிறப்புப் பள்ளியில் இனி வைத்துக்கொள்ள முடியாது என்றார்கள். அப்புறம் ஒரு தொழிற்பயிற்சி மையம். காகித உறை, மெழுகுவத்தி, பினாயில் என்று சொல்லித்தான் சேர்த்தார்கள். இவனுக்குக் கிடைத்தது ஐந்து வருடமும் காகித உறைதான். ஊக்கத்தொகை மாதம் 500 ரூபாய். போன ஆகஸ்டில் நிறுத்திவிட்டேன். ஆனால் அவன் நிறுத்தவில்லை. இன்றைக்கும் காலை 9 மணி ஆனால் பையை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறான்.

திருச்சி மெயின்கார்டு கேட் பக்கம் நண்பர் ஒருவர் நோட்டுப் புத்தக பைண்டிங் கடை வைத்திருக்கிறார். "அனுப்பு, பார்க்கலாம்" என்கிறார். என் மனைவிக்குத் துளியும் இஷ்டமில்லை. எனக்கும் பயம்தான். பஸ்ஸில் எப்படிப் போவான், கடையில் கேலி செய்தால் என்ன செய்வான். அதற்கு மேல், வேலைக்குப் போனால் எங்களுக்குப் பின் அவனுக்கு வர வேண்டிய குடும்ப ஓய்வூதியம் போய்விடும் என்று ஓய்வூதியர் சங்கத்தில் ஒருவர் சொல்லிவிட்டார். அதிலிருந்து தூக்கமில்லை.

திண்ணைப் பேச்சு | பிப்ரவரி 9

சார், தப்பாக நினைக்காதீர்கள். உங்களுக்கு ஓய்வூதியம் வருகிறது, சொந்த வீடு இருக்கிறது. பிள்ளை நிம்மதியாக வீட்டில் இருக்கட்டுமே. ஐயாயிரம் ரூபாய்க்காக அவனை ரோட்டில் விட வேண்டுமா? ஏதாவது ஆகிவிட்டால் ஊர் உங்களைத்தான் பேசும்.

பழைய கணக்கு | பிப்ரவரி 10

ஓய்வூதியப் பயத்தை முதலில் தீர்த்துவிடுகிறேன், மற்றதை விஷயம் தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

சங்கத்தில் சொன்னவர் பழைய விதியை வைத்துச் சொல்கிறார். முன்பு பிள்ளையின் வருமானம் மாதம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலை நிவாரணமும் தாண்டக் கூடாது என்று இருந்தது. 2021 பிப்ரவரியில் மத்திய அரசு அதை மாற்றிவிட்டது. மாற்றுத்திறனாளிப் பிள்ளையின் மற்ற வருமானம், அவருக்குக் கிடைக்கக்கூடிய சாதாரண விகிதக் குடும்ப ஓய்வூதியத்தைவிடக் குறைவாக இருந்தால் போதும். சாதாரண விகிதம் என்பது கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம், அதோடு அகவிலை நிவாரணம். கடைசிச் சம்பளம் 50,000 என்று வைத்துக்கொண்டால் 15,000, அதற்கு மேல் அகவிலை. பைண்டிங் கடையில் அவ்வளவு கொடுக்கிறார்கள் என்றால் சொல்லுங்கள், நானே வந்து சேர்ந்துகொள்கிறேன்.

உங்கள் ஓய்வூதிய ஆணையில் மகன் பெயர் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்கள் இருக்கும்போதே மருத்துவச் சான்றோடு விண்ணப்பித்துச் சேர்த்துவிடுங்கள். நாம் போன பிறகு அந்தப் பிள்ளை சான்றிதழைத் தூக்கிக்கொண்டு அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டாம். மாநில அரசில் வேலை பார்த்தவர்களுக்கு விதிகள் தனி. அவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

படிப்படியாக | பிப்ரவரி 10

சிறப்பாசிரியராக 11 வருடம் இருந்துவிட்டு, இப்போது வேலைத்தளத்தில் பயிற்சி கொடுப்பவள். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

அந்தப் பயிற்சி மையத்தில் நடந்ததுதான் பெரும்பாலும் நடப்பது. பயிற்சி கொடுத்து "தயார்" ஆனதும் வேலைக்கு அனுப்பலாம் என்று நாங்களும் ஒரு காலத்தில் செய்தோம். யாரும் தயாராகவே இல்லை. காகித உறை செய்யக் கற்றவர் காகித உறைக்குத்தான் தயாராவார். பைண்டிங் வேலையைப் பைண்டிங் கடையில்தான் கற்க முடியும். அதனால் இப்போது இடம் முதலில், பயிற்சி அப்புறம்.

1970களில் அமெரிக்காவில் மார்க் கோல்டு என்று ஒரு ஆய்வாளர் இருந்தார். எதற்கும் லாயக்கில்லை என்று ஒதுக்கி வைக்கப்பட்டவர்களுக்குச் சைக்கிள் பிரேக்கின் பாகங்களைக் கோத்துப் பூட்டச் சொல்லிக்கொடுத்தார். நீளமாகப் பேசி விளக்கவில்லை. வேலையைச் சிறு சிறு படிகளாகப் பிரித்துக் கையால் காட்டினார். ஒரு வழியில் வராவிட்டால் வேறு வழியில் காட்டினார். கற்கவில்லை என்றால் சொல்லிக்கொடுத்த முறையில்தான் கோளாறு என்பது அவர் கட்சி. நானும் அந்தக் கட்சிதான்.

உங்கள் மகனை அழைத்துப் போவதற்கு முன் நீங்கள் மட்டும் இரண்டு நாள் அந்தக் கடையில் உட்கார்ந்து பாருங்கள். கட்டிங் மெஷின் எவ்வளவு சத்தம் போடுகிறது, அவர் உட்காரப்போகும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், கழிப்பறைக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, மத்தியானம் எல்லோரும் எங்கே சாப்பிடுகிறார்கள். முக்கியமாக, அங்கே வேலை செய்பவர்களில் பொறுமைசாலி யார் என்று பாருங்கள். முதலாளி நல்லவராக இருந்து பிரயோஜனமில்லை, அவர் பாதி நேரம் வெளியே போய்விடுவார். பக்கத்து ஸ்டூலில் இருப்பவர்தான் முக்கியம்.

பத்துக்கு மேல் எண்ண வராது என்பதற்குக் கவலை வேண்டாம். டஜன் நோட்டுகள் சரியாக அடங்குகிற மாதிரி ஒரு மரப்பெட்டி செய்துகொடுங்கள். பெட்டி நிறைந்தால் கட்டு. எண்ண வேண்டிய வேலையே இல்லை.

பஸ்ஸுக்கு வருகிறேன். கடைசியிலிருந்து தொடங்க வேண்டும். முதல் வாரம் கூடவே போங்கள். கடைக்கு ஐம்பது அடி முன்னால் நீங்கள் நின்றுவிடுங்கள், அந்த ஐம்பது அடியை அவர் தனியாக நடந்து உள்ளே போகட்டும். அது பழகியதும் தெருமுனையில் நின்றுவிடுங்கள். பிறகு இறங்கும் நிறுத்தத்தில். பிறகு பஸ்ஸிலேயே இரண்டு சீட் பின்னால். பிறகு பைக்கில் பஸ்ஸுக்குப் பின்னால். வீட்டு வாசலிலிருந்து தனியாக அனுப்பி வழியில் தடுமாற விடுவதை விட இது நல்லது, ஒவ்வொரு நாளும் அவர் தானாக வந்து சேர்ந்ததாகத்தான் முடியும்.

நிறுத்தங்களை எண்ணச் சொல்லாதீர்கள், எல்லா நிறுத்தத்திலும் பஸ் நிற்காது. காவிரிப் பாலம் தாண்டினால் பையைக் கையில் எடுக்க வேண்டும், சத்திரம் பஸ் நிலையம் வந்தால் எழுந்து கதவுப் பக்கம் போக வேண்டும், இது போதும். அரசு டவுன் பஸ்ஸில் மாற்றுத்திறனாளி அட்டைக்குக் கட்டணமில்லை, துணைக்கு வருபவருக்கும் இல்லை. ஆனால் அதே வழியில் தனியார் பஸ்ஸும் ஓடும், அதில் டிக்கெட் எடுக்கச் சொல்வார்கள். சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பத்து ரூபாய் நோட்டு இருக்கட்டும்.

பட்டறைக்காரன் | பிப்ரவரி 11

கோயம்புத்தூர். உதிரி பாகங்கள் பேக்கிங் செய்யும் சின்ன யூனிட். வேலை கொடுக்கிற பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை.

முதலில் ஒரு பையனைப் பரிதாபப்பட்டு எடுத்தேன். எப்போது வந்தாலும் சரி, எப்போது போனாலும் சரி, வேலை செய்யாவிட்டாலும் சம்பளம். மூன்றே மாதத்தில் மற்றவர்களுக்கு எரிச்சல், அவனுக்குச் சலிப்பு. நின்றுவிட்டான். தப்பு என்னுடையது. வேலை என்று கூப்பிட்டு வேலை கொடுக்காமல் உட்கார வைத்திருந்தேன்.

இரண்டாவது ஆள் இப்போது நான்கு வருடமாக இருக்கிறான். அறிவுசார் குறைபாடு. வாஷர் எண்ண வராது, அதனால் தராசு கொடுத்தோம். இத்தனை கிராம் என்றால் ஒரு பாக்கெட், முள் எங்கே நிற்க வேண்டும் என்று சிவப்புக் கோடு போட்டுவிட்டோம். எண்ணிப் போடுகிறவர்கள் பேச்சு சுவாரசியத்தில் தப்பு விடுவார்கள். இவன் விடுவதில்லை. லேட்டாக வந்தால் மற்றவர்களைக் கேட்பது போலவே இவனையும் கேட்பேன். ஒரு தடவை அவனிடம் சொல்லாமல் மேஜையை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டோம். வந்து பார்த்தான், பையை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டான்! இப்போது எதை மாற்றினாலும் முந்தைய நாளே சொல்லிவிடுகிறோம்.

பொன்மலை ஐயா, சம்பளத்தை முதலிலேயே பேசுங்கள். நண்பர் என்று விட்டுவிடாதீர்கள். முழு வேலைக்கு முழுக் கூலி, அரை நாள் வேலைக்கு அரை நாள் கூலி. "ஏதோ பார்த்துக் கொடுங்கள்" என்றால் ஏதோதான் வரும்.

மூன்றாவது ஜன்னல் | பிப்ரவரி 12

எனக்கு ஆட்டிசம் உண்டு. 31 வயது. சென்னையில் தரவு சரிபார்க்கும் வேலை. இங்கே எல்லோரும் நல்லதுதான் சொல்லியிருக்கிறீர்கள். ஆனால் பைண்டிங் கடை அவருக்குப் பிடிக்குமா என்று இதுவரை ஒருவரும் கேட்கவில்லை.

பேச்சு குறைவானவரிடம் எப்படிக் கேட்பது என்பீர்கள். வாயால் கேட்டால் எது கேட்டாலும் "சரி" என்றுதான் பதில் வரும், நானும் சின்ன வயதில் அப்படித்தான். இரண்டு மூன்று இடத்தில் ஒவ்வொரு வாரம் இருக்க விடுங்கள். எந்த இடத்துக்குக் கிளம்பும்போது செருப்பைத் தானாக மாட்டிக்கொள்கிறார், எங்கே போகும்போது வயிற்று வலி வருகிறது என்று பாருங்கள். அதுதான் பதில். எனக்கு நேர்காணல் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். இப்போதைய இடத்தில் நேர்காணல் வைக்காமல் ஐந்து நாள் வேலை கொடுத்துப் பார்த்தார்கள். அப்படித்தான் உள்ளே வந்தேன்.

தனியாக வாழ்கிறாயா என்று கேட்டால் ஆமாம் என்றும் சொல்லலாம், இல்லை என்றும் சொல்லலாம். இன்னொருவரோடு வீட்டைப் பகிர்ந்துகொண்டிருக்கிறேன். கேஸ் அடுப்பு வேண்டாம் என்று இண்டக்‌ஷன், நேரம் வைத்தால் தானே அணைந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை என் சித்தப்பா மகன் வந்து வாடகை, கரண்டு பில், தபால் எல்லாம் என்னோடு சேர்ந்து பார்ப்பான். பணம் போடுவது நான். ஒரு கணக்கில் சம்பளம், இன்னொரு கணக்கில் அந்த வாரச் செலவுக்கு மட்டும். போனில் இருப்பது இரண்டாவது கணக்கு. யாராவது ஏமாற்றினாலும் ஒரு வாரப் பணம்தான் போகும். ஒரு முறை போயும் இருக்கிறது.

திண்ணைப் பேச்சு | பிப்ரவரி 12

நீங்கள் படித்தவர் தம்பி, உங்கள் கதை வேறு. அந்தப் பையனால் பத்துக்கு மேல் எண்ணக்கூட முடியவில்லை.

மூன்றாவது ஜன்னல் | பிப்ரவரி 12

ஆமாம், வேறுதான். அதனால் அவருக்கு என்னை விட அதிக உதவி வேண்டும். உதவி அதிகம் என்பதால் ஆசை குறைந்துவிடுமா? ஆறு மாதமாக வாசலில் நிற்கிறார் என்று அவர் அப்பாவே எழுதியிருக்கிறார்.

பழைய கணக்கு | பிப்ரவரி 13

இதற்கிடையில் தனிச்செய்தியில் நிறையப் பேர் பாதுகாவலர் சான்று பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். பொதுவிலேயே சொல்லிவிடுகிறேன்.

18 ஆனதும் சட்டப்படி பெற்றோரின் பாதுகாவலர் உரிமை முடிந்துவிடுகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இந்த நான்குக்கும் 1999ஆம் வருட தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் வழி இருக்கிறது. மாவட்ட ஆட்சியர், பதிவு பெற்ற ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி என மூவர் கொண்ட உள்ளூர்க் குழு பாதுகாவலரை நியமிக்கும். வாங்கி அலமாரியில் வைத்துவிடும் காகிதம் இல்லை அது. ஆறு மாதத்துக்குள் அந்தப் பிள்ளையின் சொத்து விவரத்தைக் கொடுக்க வேண்டும், வருடா வருடம் கணக்கும் காட்ட வேண்டும். இதே அறக்கட்டளையின் நிராமயா மருத்துவக் காப்பீடு வருடத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. அதில் சேர்க்காதவர்கள் சேர்த்துவிடுங்கள்.

படிப்படியாக | பிப்ரவரி 13

இதில் ஒன்று சேர்த்துக்கொள்கிறேன். 18வது பிறந்தநாள் முடிந்த கையோடு எல்லோரும் அந்தச் சான்றுக்கு ஓட வேண்டியதில்லை. 2016ஆம் வருட மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் பேசுவது வரையறுக்கப்பட்ட பாதுகாவலர் பற்றி. குறிப்பிட்ட முடிவுக்கு, குறிப்பிட்ட காலத்துக்கு, அவரோடு கலந்துபேசி. சொத்து விற்க வேண்டும், பெரிய தொகை கையாள வேண்டும் என்றால் சான்று தேவைப்படலாம். என்ன சட்டை போடுவது, எந்த வேலைக்குப் போவது என்பதற்கெல்லாம் அதைக் காட்டக் கூடாது. காட்டுகிறார்கள், பார்த்திருக்கிறேன்.

மதுரை அம்மா | பிப்ரவரி 15

என் மகளுக்கு டவுன் சிண்ட்ரோம், 27 வயது. பேக்கரியில் பன் அடுக்கி லேபிள் ஒட்டும் வேலை, மூன்றாவது வருடம். பெண் பிள்ளையை எப்படி அனுப்புகிறாய் என்று இந்தத் தெருவில் கேட்காத ஆளில்லை. யார் தொடலாம், எங்கே தொடக் கூடாது, "வேண்டாம்" என்று எப்படிக் கத்த வேண்டும் என்பதைப் பொம்மை வைத்து ஆறு மாதம் சொல்லிக்கொடுத்தேன். சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை என்று ஊரே மெச்சியது. அந்தப் பழக்கத்தைத்தான் மாற்ற வேண்டியிருந்தது.

டவுன் சிண்ட்ரோம் பிள்ளைகள் உள்ளவர்களுக்கு ஒன்று. போன வருடம் இவள் வேலையில் மந்தமாகிவிட்டாள். உட்கார்ந்த இடத்தில் தூக்கம், எடை கூடியது. சோம்பேறித்தனம் என்று பேக்கரியில் சொன்னார்கள், நானும் திட்டினேன். கடைசியில் பார்த்தால் தைராய்டு. இவர்களுக்கு அது சகஜம், வருடம் ஒரு முறை ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று டாக்டர் அப்புறம்தான் சொன்னார். மாத்திரை ஆரம்பித்து இரண்டு மாதத்தில் பழையபடி. திட்டியது மட்டும் மனதில் நிற்கிறது.

சேலம் அக்கா | பிப்ரவரி 16

திண்ணைப் பேச்சு அண்ணாவுக்குத்தான் இதை எழுதுகிறேன், கோபமாக இல்லை.

என் தம்பிக்கு அறிவுசார் குறைபாடு. 41 வயது வரை அம்மாவோடு நிம்மதியாக வீட்டில்தான் இருந்தான். அம்மா அவனை அடுப்புப் பக்கம் விட்டதில்லை, கடைக்கு அனுப்பியதில்லை. தலை வாரி விடுவதுகூட அம்மாதான். பாசம், வேறென்ன. அம்மா திடீரென்று போய்விட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் அவனை என் வீட்டுக்குக் கூட்டி வந்தேன். எனக்கு இரண்டு பிள்ளைகள், வாடகை வீடு.

ஒரே மாதத்தில் அவன் இழந்தது அம்மாவை மட்டுமில்லை. அவன் பாய் போட்ட இடம், மாலையில் நிற்கும் வேப்பமரம், பெயர் சொல்லிக் கூப்பிட்ட டீக்கடைக்காரர், எல்லாம் ஒரே நாளில் போயின. சாப்பாட்டு நேரத்தில் தட்டை வைத்துக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். நான் போட்டால் சாப்பிட மாட்டான். கூப்பிட்டுச் சாப்பிட வைக்க ஒரு மாதம் ஆனது.

இப்போது ஐந்து வருடம். எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒற்றை அறைப் போர்ஷனில் இருக்கிறான். சாவியைக் கயிற்றில் கோத்து மாட்டிக்கொள்கிறான். மூன்று முறை தொலைத்தான், நான்காவது சாவி இரண்டு வருடமாக இருக்கிறது. காபி அவனே போடுகிறான், சர்க்கரை அதிகம். காலையும் மாலையும் கோயிலில் செருப்புக் காப்பகத்தில் டோக்கன் கொடுக்கும் வேலை. ராத்திரிச் சாப்பாடு மட்டும் எங்களோடு. 41 வயதில் கற்க முடிந்ததை 20 வயதில் கற்றிருக்க முடியாதா? அம்மா இருக்கும்போதே, அம்மா பார்க்கப் பார்க்க?

பொன்மலை அப்பா, வேலை எப்படியோ ஆகட்டும். வருடத்தில் இரண்டு மூன்று முறையாவது நீங்கள் இல்லாமல் வேறு வீட்டில் ராத்திரி தங்கப் பழக்குங்கள். அப்புறம் ஒரு நோட்டு போடுங்கள். எந்த மாத்திரை, எந்தச் சத்தத்துக்குப் பயம், கோபம் வந்தால் எப்படித் தணியும், எந்தப் பக்கம் படுத்தால் தூக்கம் வரும். அம்மாவுக்கு எல்லாம் தெரியும். எங்கேயும் எழுதி வைக்கவில்லை.

திண்ணைப் பேச்சு | பிப்ரவரி 16

மன்னித்துக்கொள்ளுங்கள் அம்மா. என் அண்ணன் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருக்கிறான். அதனால்தான் பயந்து எழுதினேன்.

பொன்மலை ரிட்டயர்டு | மார்ச் 22

எல்லோருக்கும் நன்றி. தாமதமாக எழுதுகிறேன்.

கடையில் இரண்டு நாள் உட்கார்ந்து பார்த்தேன். கட்டிங் மெஷின் சத்தம் எனக்கே தலை வலித்தது. ஃபாரம் என்கிற தாள்களை மடிக்கும் பெண்கள் உட்காரும் பின்கட்டில் சத்தம் குறைவு, அங்கே ஸ்டூல் போட்டாயிற்று. பொறுமைசாலி என்று முதலில் நான் நினைத்தவர் வேறு, கடைசியில் இவனோடு ஒட்டிக்கொண்டவர் அட்டை ஒட்டும் ஒரு அம்மா. அவர் அதிகம் பேச மாட்டார், அதுதான் இவனுக்குப் பிடித்துவிட்டது போல. மரப்பெட்டி நானே செய்தேன், பணிமனைக் கை இன்னும் மறக்கவில்லை.

ஜன்னல் தம்பி சொன்னதால் ஒரு வாரம் மளிகைக் கடைக்கும் அனுப்பிப் பார்த்தேன். இரண்டாம் நாளே செருப்பை ஒளித்து வைத்துவிட்டான்.

பஸ் பயிற்சியில் இப்போது பைக்கில் பின்தொடரும் கட்டம். போன வியாழன் கூட்டத்தில் எழ முடியாமல் மெயின்கார்டு கேட்டைத் தாண்டிப் போய்விட்டான். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நின்றான். ஓடிப்போய்க் கையைப் பிடிக்க நினைத்தேன், நீங்கள் எழுதியது ஞாபகம் வந்து எதிர்ச்சாரியிலேயே நின்றுவிட்டேன். பத்து நிமிடம் இருக்கும். பஸ் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தான், நடக்க ஆரம்பித்தான். கடைக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான். வீட்டில் இதை இன்னும் சொல்லவில்லை.

பட்டறைக்காரன் | மார்ச் 22

சொல்லிவிடுங்கள் ஐயா. வேறு யாராவது சொல்லி அம்மாவுக்குத் தெரிந்தால் அடுத்த நாள் பஸ் கிடையாது.

பொன்மலை ரிட்டயர்டு | மே 30

பள்ளி திறக்கும் சீசன், கடையில் மூச்சுவிட நேரமில்லை. அரை நாள் வேலை, அரை நாள் கூலி, வங்கிக் கணக்கில் வருகிறது. ஏடிஎம்மில் 200 எடுத்துத் தினமும் ஒரு சமோசா. கணக்குத் தெரியாததால், கடைக்காரர் போதும் என்று சொல்லும் வரை பத்துப் பத்தாக நீட்டச் சொல்லிக்கொடுத்திருக்கிறோம், மீதி வாங்கிக்கொள்வான்.

இப்போது பிரச்சினை வேறு. பின்தொடர்வதை நிறுத்தியாயிற்று. மனைவி அவன் போனில் இருக்குமிடம் காட்டும் வசதியைப் போட்டுவிடலாம் என்கிறாள்.

மூன்றாவது ஜன்னல் | மே 30

அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

பொன்மலை ரிட்டயர்டு | மே 31

கேட்டேன். போனில் காட்டி விளக்கினேன். "வேண்டாம்" என்றான். தெளிவாக, இரண்டு தடவை. இப்போது என்ன செய்வது?

படிப்படியாக | மே 31

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். கடைக்குப் போனதும் ஒரு மிஸ்டு கால் கொடுப்பாயா என்று கேட்டுப் பாருங்கள்.

பொன்மலை ரிட்டயர்டு | ஜூன் 4

அதற்குச் சம்மதித்தான். மூன்று நாளாக 9.35க்கு வருகிறது. என் மனைவி 9.20க்கே போனைக் கையில் எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறாள்.